பதினொரு மணிச் சாப்பாடு

ஜூன் 2, திங்கள்

அரிசி மண்டிக்காரர் கொடுத்த டைரி இது. இதுவரை இலைக்கட்டுக் கணக்கும் காய்கறிப் பட்டியலும்தான் எழுதியிருக்கிறேன். இன்று நடந்ததை எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றுகிறது. நாளைக்கு யாரும் பேச்சு மாற்றக் கூடாது.

சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளி ஆவுடையப்பன் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். ஓட்டல் தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்றி அரசாங்கம் ஆணை போட்டிருக்கிறது. ஆடிட்டர் எழுதிக் கொடுத்த தாளை என் பக்கம் தள்ளினார்.

"பன்னெண்டு சர்வருக்கும் இந்தச் சம்பளம் குடுத்தா, நான் டேபிள் தொடைக்கத்தான் போணும். ஆணைய மீறவும் மாட்டேன், வெலைய ஏத்தவும் மாட்டேன், எதுத்தாப்புல இருக்கவன் சிரிப்பான். எட்டுப் பேர வெச்சு சீசன ஓட்டிக் காட்டும் வே. ஓட்டிட்டீர்னா ஆவணில சங்கரன்கோவில் கிளைக்கு நீர்தான் மேனேஜர். முடியலைன்னா இங்கயும் வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

குற்றாலத்தில் தண்ணீர் விழும் மூன்று மாதம் தென்காசியில் ஓட்டல் நடத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பதினேழு வயதில் இங்கே டேபிள் துடைக்கச் சேர்ந்தேன். பதினாலு வருஷம் வாளி தூக்கினேன். ஆறு வருஷமாய் சூப்பர்வைசர். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத் தாண்டுவது பைத்தியக்காரத்தனம். "முடியும் மொதலாளி" என்றேன்.

வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லச் சொன்னார். நானும் ஏதோ சொன்னேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். கொம்பையா காபி கொண்டு வந்து வைத்தான். பேச்சை நிறுத்தவில்லை. அவன் என்னோடு ஒரே வாரத்தில் சேர்ந்தவன், இன்னும் வாளி தூக்குகிறான். வெளியாள் இல்லை.

கேஸ் சிலிண்டர் ஐந்து வந்தது. ஒன்றில் வாஷர் இல்லை, திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 5, வியாழன்

கடைசியாய்ச் சேர்ந்த நாலு பேரைக் காலையில் அனுப்பினோம். ஒருவன் அழுதான். மீதி எட்டுப் பேருக்கு புதுச் சம்பளம் என்றதும் முகமெல்லாம் பல். அதற்குப் பிறகு அடுத்த அறிவிப்பைப் படித்தேன். முதலாளியின் முடிவு, நான் படித்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஓட்டலில் பதினொரு மணிச் சாப்பாடு என்று ஒன்று உண்டு. பதினொன்றரைக்கு மதியச் சாப்பாடு ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் சர்வர்கள் சமையற்கட்டு நடையில் வரிசையாய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். ஒருநாள் ஒருவர் பரிமாறுவார். முதலாளியின் அப்பா வைத்த பழக்கம். சாப்பிடாதவன் கையில் அவர் வாளியைக் கொடுக்க விட மாட்டார்.

இனி அந்தச் சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பு உண்டு. வற்புறுத்தல் இல்லை. சமையற்கட்டு வாசலில் நூல் கட்டி ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கவிட்டிருக்கிறோம். சாப்பிடுகிறவர் தன் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். டிக் இல்லையென்றால் பிடிப்பும் இல்லை. இதைவிட நியாயமாய் யார் செய்வார்கள்? சாம்பார் கொதிக்கிற வாசம் மூக்கில் ஏறும்போது எவன் வேண்டாம் என்பான்.

ஜூன் 6

எட்டுப் பேரும் டிக் போட்டார்கள். நினைத்தபடிதான்.

ஜூன் 9, திங்கள்

ஐந்து டிக். மாஸ்டர் சுடலை மீந்த சோற்றைக் காட்டி "இத என்ன செய்ய?" என்றார். ராத்திரி தோசை மாவில் சேர்க்கச் சொன்னேன்.

அவியல் இன்று பிரமாதம். சூப்பர்வைசருக்கு நோட்டில் பெயர் கிடையாது. முதலிலிருந்தே அப்படித்தான் பேச்சு.

ஜூன் 16, திங்கள்

இரண்டு டிக். அதில் கொம்பையா இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பின்வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ல சாப்பிடல?" என்றேன்.

"காலைல வீட்டுல பழையது குடிச்சுட்டுத்தான் வந்தேன். பசிக்கல."

"அஞ்சு மணிக்குக் குடிச்சது இப்ப வரைக்கும் நிக்குமா?"

"மகளுக்கு நர்சிங் பீஸ் கட்டணும்ல இசக்கி. கவர்மெண்டு இப்பத்தான் ஏத்திக் குடுத்துருக்கு, அதையும் இங்கனயே தின்னு தீத்துட்டுப் போனா வீட்டுல எம் பொண்டாட்டி பீடி சுத்துத கையால அடிப்பா." சிரித்தான். பிறகு கேட்டான்: "இந்த நோட்டு யாரு யோசன? மொதலாளிக்கு இம்புட்டு நுணுக்கம் வராதே."

"ஆடிட்டர் இருக்காருல்லா" என்றேன்.

ஆடிட்டர் இருக்கிறார் என்பது பொய் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாரல் அடித்து ஊற்றுகிறது. கூட்டம் தெரு வரை நின்றது. ஐந்நூறு இலைக்கு மேல் போனது. ஒரு சர்வருக்கு நாலு டேபிள் என்று இருந்தது இன்று ஆறு.

எனக்கு மனிதர்களின் முகம் மறந்துவிடும், கை மறக்காது. நல்ல சர்வரின் கை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும், கரண்டி இலையில் படாது. இன்று ஹால் முழுக்கக் கரண்டி இலையில் தட்டுகிற சத்தம். தண்ணீர் வைக்காமல் இலை போட்டான் ஒருவன். ரசம் கேட்டவருக்கு மோர் போனது. இரண்டாம் சோற்றுக்காக ஒரு பெரியவர் கையைக் காயவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கை கழுவிட்டுப் போகச் சொல்லுதீரா, இல்ல இன்னும் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். முத்துக்குட்டி, எட்டுப் பேரில் இளையவன், "எங்களுக்கு ரெண்டு கைதான் சார்" என்று ஒரு அம்மாளிடம் சீறினான்.

சம்பளம் ஏறினால் உடம்பு வளையாது என்று முதலாளி சொல்வது சரிதான் போல. முத்துக்குட்டியைக் கண்டித்தேன். மாஸ்டர் கிண்டிக்கொண்டிருந்த கேசரிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 1

எல்லோருக்கும் புதுச் சம்பளம் வங்கியில் ஏறிவிட்டது. சட்டப்படி ஒரு குறை சொல்ல முடியாது. முதலாளிக்கு இரட்டைச் சந்தோஷம், நாலு பேர் சம்பளமும் மிச்சம், சர்வர் சாப்பாட்டு அரிசியும் மிச்சம். "மூளை வே உமக்கு" என்றார்.

கொம்பையா பால்காரன் கடனை அடைத்துவிட்டு, எனக்கும் ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்தான். "ஏத்துனது கைக்கு வந்துட்டுல்ல, தின்னு" என்றான். அவனும் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டான். பெரிய விள்ளல்.

ஜூலை 6, ஞாயிறு

இப்போதெல்லாம் என் சாப்பாட்டை ஸ்டோர் ரூமில் வைத்துக்கொள்கிறேன். நடையில் ஈ தொல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் நிம்மதி.

இந்த வாரம் டிக் ஒன்றுமில்லை. நோட்டு நூலில் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது.

என் மனைவி கோமதி கேட்டாள், சங்கரன்கோவிலில் வீடு இப்போதே பார்க்கலாமா என்று. அது அவள் அம்மா ஊர். பொறு என்றேன். ஆனாலும் வாடகை விசாரித்து வைக்கச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் ஒரு மணிக்கு கொம்பையா தூணில் சாய்ந்து நின்றான். சாம்பார் வாளி இடது கையில். அந்தக் கை தாழ்ந்து வாளி தரையைத் தொடப் போனது. இருபது வருஷமாய்ப் பார்க்கிற கை. ஓடிப்போய் வாளியை வாங்கினேன்.

"ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டு வால" என்றேன்.

"நோட்டுல எழுதணுமா?"

கிண்டலாய்க் கேட்டானா, உண்மையாய்க் கேட்டானா தெரியவில்லை. "மோருக்கு யாருல எழுதச் சொன்னது" என்றேன். குடித்தான். மறுபடி வாளியை வாங்கிக்கொண்டான்.

நோட்டை எடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் சொல்ல நினைத்தேன். இன்னும் ஒரு மாதம்தானே. சீசன் முடியட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மதுரைப் பக்கத்து வேன் ஒன்றில் வந்தவர்கள், ஐந்து பேர், கொம்பையாவின் டேபிளில் உட்கார்ந்தார்கள். டிபன்தான் கேட்டார்கள். இட்லியும் வடையும் போனது, சாம்பார் போகவில்லை. அவன் பாவம் அந்தப் பக்கம் சோற்று வரிசையில் மாட்டிக்கொண்டான். வேன் டிரைவர் வாசலில் ஹாரன் அடித்தான். அவர்களில் பெரியவர் எழுந்து, "சாம்பாரை வர்ற வருஷம் வந்து வாங்கிக்கிறோம்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார். கல்லாவில் பணத்தை வீசினார்.

ஒரு தட்டில் இரண்டு வடை அப்படியே இருந்தது. கொம்பையா தட்டுகளை அடுக்கிக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். நான் வேறு வேலையாய் இருந்தேன். ஹாலைப் பார்ப்பேனா, மூலையைப் பார்ப்பேனா. அந்த மூலைக்கு மேலே கேமரா இருக்கிறது என்று அவனுக்கு நினைவிருந்திருக்காது.

ஜூலை 22, செவ்வாய்

கொம்பையாவை இன்று அனுப்பிவிட்டோம். மழை விடவில்லை.

ஜூலை 23, புதன்

தூக்கம் இல்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வேனில் வந்த அந்தப் பெரியவர் ஓட்டலைப் பற்றி போனில் கண்டபடி எழுதிப் போட்டிருக்கிறார், ஐந்து பேர் காத்திருந்து பட்டினியாய்ப் போனோம் என்று. முதலாளி அந்த டேபிளில் என்ன நடந்தது என்று பார்க்க கேமராப் படத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறார். டேபிளைப் பார்க்கப் போனவர் கழுவுமிடத்தையும் பார்த்துவிட்டார்.

நேற்று பதினொரு மணிக்கு எல்லோரையும் நடையில் நிற்கவைத்தார். சரியாய் முன்பு பந்தி போடுகிற இடத்தில். போனைத் திருப்பிக் காட்டினார். சின்னப் படம்தான். ஒருத்தன் சுவரைப் பார்த்து நிற்கிறான், தோள் இரண்டு தரம் அசைகிறது, கையை வேட்டியில் துடைக்கிறான். மாஸ்டர் அடுப்பைத் தணித்தார்.

"எச்சித் தட்டுல தின்னவன் கையால சனங்களுக்குச் சோறு போடவா?" என்றார் முதலாளி. "வெளிய தெரிஞ்சா எவன் வருவான் இங்க?"

கொம்பையா மெதுவாய்ச் சொன்னான். "சாம்பார் வரலைன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க மொதலாளி. கை படாத வடை. குப்பைல போடுததத்தான்…"

முத்துக்குட்டி தரையைப் பார்த்தான். எச்சில் என்ற சொல்லை ஒருத்தன் மேல் போட்டுவிட்டால், அது கை பட்டதா படாததா என்று யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். அவன் பேசப் பேச அது இன்னும் ஒட்டிக்கொண்டது.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஹால் உம்ம பொறுப்பு. நீரு சொல்லும். வெச்சுக்கிடுதேன்னு சொன்னீர்னா வெச்சுக்கிடும். ஆனா அப்புறம் சங்கரன்கோவிலுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

அப்போது கொம்பையா என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை. நான் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று பார்த்தான். சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். அவன் பசியோடு நின்றது ஏன் என்று தெரியும். ஒரு வரிதான். வாய் வரை வந்தது.

"வெச்சுக்கிட முடியாது மொதலாளி" என்றேன்.

தோளில் கிடந்த துண்டை மடித்து மேடையில் வைத்தான். "வாரேன் மொதலாளி" என்றான். "வாரேன் மாஸ்டர்" என்றான். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், போனான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஒப்பந்தத்தில் இரண்டு பேரை ஏஜெண்ட் அனுப்பியிருக்கிறார். இருவருக்கும் தமிழ் தெரியாது. சாம்பார் கேட்டால் சிரிக்கிறார்கள். ஆனால் ஹால் ஓடுகிறது. ஆட்கள் வருகிறார்கள், திட்டுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள்.

மாஸ்டர் என்னோடு பேசுவதில்லை. ஸ்டோர் ரூமில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். இன்று பாதிச் சோற்றை மூடிவைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சீசன் அடங்கிவிட்டது. முதலாளி எல்லோர் முன்னாலும் எனக்கு மாலை போட்டார். செப்டம்பர் எட்டாம் தேதி சங்கரன்கோவில் கிளை திறப்பு, மேனேஜர் நான்.

"அங்கயும் அதே மாரி ஒரு நோட்டு தொங்க விட்டுரும்" என்றார் சிரித்துக்கொண்டே. "இவரு யோசனதான் இந்த சீசனக் காப்பாத்துச்சு."

முத்துக்குட்டி கைதட்டிக்கொண்டிருந்தான். கை பாதியில் நின்றது.

சரி, எழுதிவிடுகிறேன். ஜூன் இரண்டாம் தேதி மாடியில் நான் பேச்சுவாக்கில் சொன்னது இதுதான்: "பதினொரு மணிச் சாப்பாட்டுக்குப் பிடிச்சா ஏத்துனதுல பாதி திரும்ப வந்துரும் மொதலாளி. வேண்டாம்னு எவன் சொல்லப் போறான்?" நோட்டும் நான்தான் வாங்கினேன். நூல் கட்டினதும் நான்தான். பதினாலு வருஷம் அந்த நடையில் உட்கார்ந்து தின்றவன் நான். சாப்பாடா கூலியா என்று வந்தால் அவர்கள் கூலியைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாய் இருக்கிறது. தெரியாமல் போனதாவது மனிதத் தப்பு. ஜூலை இருபத்திரண்டாம் தேதி எல்லாம் தெரிந்தே நின்றேன்.

மாலையைக் கோமதி கதவில் மாட்டியிருக்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாளை திறப்பு. நோட்டு வாங்கவில்லை. முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

கொம்பையா செங்கோட்டையில் ஒரு சின்ன மெஸ்ஸில் இருப்பதாக ஏஜெண்ட் சொல்லியிருந்தார். மதியம் பஸ் ஏறிப் போனேன். ஆறு டேபிள். எந்த வரிசை அவனுடையது என்று பார்த்து அதிலேயே உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்தான். நேராய் வந்தான். "வாங்க சார்" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. தண்ணீர் வைத்தான், இலை போட்டான், உப்பு, கூட்டு, பொரியல், அப்பளம். சோறு வந்தது, நான் குழி பண்ணுவதற்குள் சாம்பார் வந்தது. கரண்டி இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. முதல் சோறு தீர இரண்டு கவளம் இருக்கும்போதே கேட்காமல் இரண்டாம் சோறு போட்டான். இந்தச் சீசன் முழுக்க என் ஹாலில் ஒரு ஆளுக்கும் நான் கொடுக்க முடியாத பரிமாறல் அது. இருபது வருஷம் என்னை ஏல என்றும் இசக்கி என்றும் கூப்பிட்டவன், வந்து நிற்கும்போதெல்லாம் சார் என்றான்.

"கொம்பையா, சங்கரன்கோவிலுக்கு வா" என்றேன். "ஹாலை நீ பாத்துக்கோ. சூப்பர்வைசர். நான் மொதலாளிகிட்ட பேசிக்கிடுதேன்."

"இங்கயே போதும் சார்."

"மக எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார். கூட்டு வைக்கவா?"

கூட்டு வைத்தான். பக்கத்து டேபிளில் கணவனும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. இதைச் சொல்லத்தான் வந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே, நிமிராமல் சொன்னேன்.

"அந்த நோட்டு நான் சொன்னதுதான் கொம்பையா. மொதலாளி இல்ல, ஆடிட்டர் இல்ல. நான்தான்."

ரச வாளியோடு நின்றான்.

"தெரியும் சார். ரசம் விடட்டுமா?"

மாடிக்குக் காபி கொண்டு வந்த அன்றே அவன் காதில் விழுந்திருக்கும். கையைக் குவித்து நீட்டினேன். ஊற்றினான், ஒரு சொட்டு கீழே விழவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்று, இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, அடுத்த டேபிளுக்குப் போனான்.